சகலை கேட்ட அகலம்

மனித குலத்தின் எதிர்கால நன்மையைக் கருதி, என் வாக்குமூலத்தின் முதல் வரியாக மிக முக்கியமான அறிவிப்பு ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன்: உங்கள் அலுவலகத்துத் தேநீரில் சர்க்கரை அதிகம்.

இதை எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள் ஐயா. நான் குறை சொல்லிப் பிழைக்கிறவன் இல்லை. யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுக்க வேண்டும், கூட்டினால் வீண், குறைத்தால் பாவம் என்று நினைக்கிறவன். உலகம் இதைச் சர்க்கரையில்கூடக் கடைப்பிடிப்பதில்லை. நான் இதையே தொழிலாகச் செய்து சம்பளம் வாங்குகிறேன்.

முதலாளியம்மா உங்களை வக்கீலாக வைத்து என்னை விசாரிக்கச் சொன்னது வெறும் ஒப்புக்குத்தான் என்று எனக்குத் தெரியும். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம், வேலையும் இருக்கும் என்று கதவருகிலேயே என் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் கொஞ்சம் உட்காருங்கள். முழுவதையும் கேட்டுவிட்டு என்ன எழுதுவது என்று முடிவு செய்யலாம்.

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் தொழிற்சாலையில் நான் நெட்வொர்க் பார்க்கிறவன். அப்படியென்றால் என்ன வேலை என்பது என் மாமனார் வீட்டில் இன்றுவரை விளங்கவில்லை. மாமனார் ஒருமுறை என்னை ஒருவருக்கு அறிமுகப்படுத்தியபோது, "சின்ன மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்குப் பின்னாடி வேலை பாக்கறார்" என்றார். மேசைக்கு அடியில் என்று சொல்லாமல் விட்டாரே என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

பெரிய மாப்பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், என் சகலை, அதே தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவின் தலைவர். வயதில் என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவர். இருந்தாலும் அலுவலகத்தில் பத்துப் பேர் முன்னால் என்னைத் 'தம்பி' என்பார். பேச ஆரம்பிக்கும் முன் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், "நான் என்ன சொல்றேன்னா" என்பார். அதன் பிறகு அவர் எதுவும் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. எதையும் பரந்த பார்வையில் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கேன்டீனில் டம்ளர் உடைந்தால்கூடப் பரந்த பார்வையில்தான் பார்ப்பார். கீழே கிடக்கும் சில்லை வேறு யாராவது பெருக்குவார்கள்.

அவர் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நெட்வொர்க் விஷயத்துக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம், சொத்து வழக்கு பார்த்த வக்கீலுக்கு இது அத்துப்படி. எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு மனை இருக்கிறது. அதில் இருநூற்றைம்பத்தாறு முகவரிகள். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, லென்ஸ் தேய்க்கும் எந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் ஒரே மனையில், கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுக்கப்போட்டது மாதிரி போட்டிருந்தார். ஒரு எந்திரம் தும்மினால் எல்லா எந்திரமும் திரும்பிப் பார்க்கும். ஆகவே மனையைத் தடுத்துத் தனித்தனி வீடாக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் சப்நெட்.

இதில் சோம்பேறிகள் ஒரு காரியம் செய்வார்கள். எல்லாருக்கும் ஒரே அளவாக வெட்டிப் போட்டுவிடுவார்கள். பார்க்க நியாயம் மாதிரித் தெரியும். நூறு எந்திரம் இருக்கிற கூடத்துக்கும் ஆறு எந்திரம் இருக்கிற அறைக்கும் ஒரே அளவு என்றால் அது நியாயமா, சொல்லுங்கள். நான் ஆளுக்குத் தகுந்த அளவில் வெட்டினேன். வெட்டும்போது பாதி பாதியாகத்தான் வெட்ட முடியும், பெரியதை முதலில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடம் இருக்கும், ஆனால் துண்டு துண்டாக இருக்கும், பெரிய வீட்டுக்கு உதவாது. தேய்ப்புக் கூடத்துக்கு நூற்றிருபத்தெட்டு. அலுவலகத்துக்கு அறுபத்துநாலு. கேமராக்களுக்கு முப்பத்திரண்டு. தரச் சோதனைக்குப் பதினாறு. டிஸ்பாட்ச்சுக்கு எட்டு. இரண்டு கட்டடங்களை இணைக்கும் கம்பிகளுக்கு நாலு, நாலு. கூட்டிப் பாருங்கள். ஒன்றுகூட மிச்சமில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் இதை மனைவியிடம் சொன்னேன். "சாப்பாடு ஆறுது" என்றாள்.

மறுவாரம் முதலாளியம்மா முன்னிலையில் எல்லாப் பிரிவுத் தலைவர்களுக்கும் இந்தப் பங்கீட்டை விளக்கினேன். எந்த வீட்டிலும் முதல் முகவரி வீட்டின் பேருக்கும், கடைசி முகவரி எல்லாரையும் ஒருசேரக் கூப்பிடுவதற்கும் போய்விடும் என்பதையும் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை, ஆகவே யாரும் ஆட்சேபிக்கவில்லை. சகலை மட்டும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் என்ன சொல்றேன்னா, கேமராவுக்கு முப்பது. எனக்குப் பதினாலா?"

"உங்க பிரிவுல எட்டு கம்ப்யூட்டர்தான் இருக்கு. பதினாலே அதிகம்" என்றேன்.

"கேமரா சுவத்துல தொங்குற சாமான் தம்பி. நான் பிரிவுத் தலைவன்."

"அது இருக்கட்டும். எட்டுக்கு எதுக்கு முப்பது?"

"பாருங்க, இங்கதான் பரந்த பார்வை வேணும்ங்கிறது. நாளைக்கு நான் ஆலை மேலாளரா வந்து உக்காரும்போது என் பிரிவு கேமராவைவிடச் சின்னதா இருந்தா வெளியில எப்படித் தெரியும்?" கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "வயர் மாட்டுறது வேற. நிர்வாகம் வேற."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியம்மாவும் சிரித்தார். ஆலை மேலாளர் ஓய்வு பெறப் போகிறார், அந்த நாற்காலி சகலைக்குத்தான் என்பது ஏற்கெனவே ஊரறிந்த விஷயம். ஆகவே அவர் நகைச்சுவைக்குக் கொஞ்சம் முன்பணமாகவே சிரித்து வைத்தார்கள். "அவர் கேக்கற மாதிரி அகலமா குடுத்துடுங்களேன்" என்று முதலாளியம்மா என்னிடம் சொன்னார்.

கொடுத்தேன். ஐயா, இந்த வழக்கே இவ்வளவுதான். அவர் கேட்டார், மேலிடம் உத்தரவு போட்டது, நான் கொடுத்தேன்.

எப்படிக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மாஸ்க் என்று ஒரு எண் போட்டு வைப்போம். உன் வீடு எவ்வளவு அகலம் என்று அதற்குச் சொல்லும் எண் அது. கம்ப்யூட்டர் யாரிடமாவது பேசுவதற்கு முன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: இவன் என் வீட்டுக்குள் இருக்கிறானா, வெளியே இருக்கிறானா? உள்ளே என்றால் இருந்த இடத்திலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிடும். வெளியே என்றால் வாசலுக்குப் போய், அங்கே இருக்கிற ரூட்டரிடம் கொடுத்தனுப்பும். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனைக் கூடத்தில் நின்று கூப்பிட்டால் அவன் வரமாட்டான், வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

சகலையின் வீட்டை நான் அகலமாக்கவில்லை. இடம் ஏது? எல்லாம் அளந்து வெட்டியாகிவிட்டதே. மாஸ்க்கை மட்டும் அகலமாக்கினேன். அவர் பிரிவில் மற்ற ஏழு பேருக்கும் சரியான மாஸ்க். அவருடைய ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும், இந்த முழு மனையும் உன் வீடுதான் என்று எழுதி வைத்தேன்.

அது நம்பிவிட்டது. எஜமானைப் போலத்தானே இருக்கும்.

அதன் பிறகு நடந்தது ஒரு கவிதை மாதிரி. டிஸ்பாட்ச், அலுவலகம், தேய்ப்புக் கூடம் எல்லாம் தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக அந்தக் கம்ப்யூட்டர் நினைத்தது. கூடத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டது. வாசலுக்குப் போக வேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. ஆனால் கடல் தாண்டி இருக்கிற ஆளிடம் பேச வேண்டுமென்றால், அவன் நிச்சயம் வெளி ஆள்தான் என்று தெரிந்து ஒழுங்காக வாசல் வழியாகப் போனது. ஆக, சகலைக்கு உலகம் முழுவதும் எட்டியது. பக்கத்து அறை எட்டவில்லை.

இதில் ஒரு வசதி இருக்கிறது. நெட் சுத்தமாகப் போய்விட்டால் யாரும் நம்புவார்கள். இப்படிப் பாதி போனால் யாரும் நம்பமாட்டார்கள். சகலை டிஸ்பாட்ச்சுக்கு 'இந்த லென்ஸ் பெட்டிகள் சரி, அனுப்பலாம்' என்று எழுதி விசையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவார். பரந்த பார்வை உள்ளவர்கள் திரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது போகாமல் அங்கேயே நிற்கும். அரை மணி கழித்து டிஸ்பாட்ச்காரர் கதவைத் தட்டுவார்.

"சார், ஓகே இன்னும் வரலையே. வண்டி நிக்குது."

"அனுப்பியாச்சே."

"வரலை சார்."

"நான் அனுப்பிட்டேன்னு சொல்றேன். நீங்க வரலைங்கிறீங்க. அப்போ நான் பொய் சொல்றேனா?"

"ஐயய்யோ, அப்படிச் சொல்வேனா சார். உங்களுக்கு நெட் வருதா?"

வரும். அவர் தட்டிக் காட்டுவார். தூர தேசத்து வானிலை பளிச்சென்று வரும். டிஸ்பாட்ச்காரர் வானிலையைப் பார்ப்பார், அப்புறம் இவர் முகத்தைப் பார்ப்பார், "சரி சார்" என்பார். அந்தச் 'சரி சார்' நாளுக்கு நாள் மெல்லிசாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் நேரில்தான் போக வேண்டும். அகல மாஸ்க் போட்டுவிட்டால் என் மேசையிலிருந்துகூட அவர் கம்ப்யூட்டரை எட்ட முடியாது, அதுவும் என்னை வீட்டு ஆள் என்று நினைத்து உள்ளேயே தேடும். நான் போவேன், அவரை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு உட்காருவேன், மாஸ்க்கைச் சரியாக்குவேன். தேங்கிக் கிடந்த எல்லாம் ஒரே மூச்சில் போகும். "எல்லாம் சரியாத்தானே இருக்கு சகலை. இப்பத்தான் அனுப்பினீங்களா?" என்று கேட்பேன். அவ்வளவு மென்மையாக நான் என் மனைவியிடம்கூடப் பேசியதில்லை. ஓரிரு நாள் விட்டு, ஏதாவது சாக்கில் போய் மறுபடி அகலமாக்குவேன். இவ்வளவு அலைந்து திரிந்து ஒரு சகலையைக் கவனித்துக்கொண்டவன் எங்கள் தொழிற்சாலையில் வேறு யாரும் இல்லை. முதலாளியம்மாவே பாராட்டினார்.

வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "அத்தானுக்கு ஏதோ மறதியாம். அனுப்பாததை அனுப்பிட்டேன்னு சாதிக்கிறாராம். அக்கா அழுறா."

"வேலைப் பளு" என்றேன். "தூங்கினாச் சரியாயிடும்."

"நீங்க அங்கதானே இருக்கீங்க. கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அது உண்மை.

டாக்டரிடம் காட்டலாம் என்ற யோசனை என்னுடையது. சகலை வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "எனக்கு என்ன, பைத்தியமா?" என்றார். அவர் மனைவி, எனக்கு அண்ணி முறை, தரையைப் பார்த்தார், மாமனார் ஜன்னலைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் பேசி முடித்து ஒருவரும் தலையாட்டாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை. அடுத்த நாள் என் வண்டியிலேயே கூட்டிப் போனேன். டாக்டர் நல்லவர், நிறையக் கேட்டார். "மனசு ரொம்பக் களைச்சிருக்கு. சின்ன மாத்திரைதான்" என்றார்.

ஐயா, இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். இதில்தான் என் உழைப்பு இருக்கிறது.

மாத்திரை ஆரம்பித்த அன்றே மாஸ்க்கைச் சரியாக்கினேன். இரண்டு வாரம் தொடவில்லை. அனுப்பியதெல்லாம் போனது. பக்கத்து அறைப் பிரிண்டர் அவர் சொன்னதும் தாளைத் துப்பியது. சகலை என் மேசைக்கே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மாத்திரை வேலை செய்யுது" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும். ஆகவே ஒருநாள் அவராகவே நிறுத்திப் பார்த்தார். நிறுத்தியதை என்னிடம்தான் சொன்னார், வேறு யாரிடம் சொல்வார்? அன்று மத்தியானம் அகலமாக்கினேன்.

மாத்திரை சாப்பிட்டால் பக்கத்து அறை கிடைக்கும், சாப்பிடாவிட்டால் கிடைக்காது. ஒரு மனிதருக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் என்ன வேண்டும்? தானாகவே போய் மாத்திரையைக் கூட்டிக் கேட்டார். டாக்டரும் கூட்டினார். பக்கத்து அறையை எட்டுவதற்காக வாயில் மாத்திரை போட்டுக்கொண்டு விசையைத் தட்டிய ஒரே பிரிவுத் தலைவர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். இதைச் சொல்லும்போது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

மேலாளர் நாற்காலிக்கான நாள் வந்தது. பெரிய கண்ணாடிக் கடைகளின் ஆட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். தரச் சோதனை எப்படி நடக்கிறது என்று சகலை அவர்களுக்குக் காட்ட வேண்டும். பரிசோதனைப் படங்களெல்லாம் அலுவலகச் சர்வரில், அதாவது அடுத்த வீட்டில். நான் காலையிலேயே வந்து கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். சகலை இருமடங்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். கடைக்காரர்கள் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள்.

"நான் என்ன சொல்றேன்னா" என்று ஆரம்பித்தார். வாய் குழறியது. அப்படியே எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். ஒவ்வொரு கதவாகத் திறந்தார். டிஸ்பாட்ச், கணக்குப் பிரிவு, கேன்டீன்கூட. ஒவ்வொரு கதவிலும் நின்று, "நான் அனுப்பினது வந்துச்சா?" என்று கேட்டார். கேன்டீன்காரர், "என்ன சார் அனுப்பினீங்க?" என்றார்.

முதலாளியம்மா தங்கமான மனசுக்காரர். அவரே கையைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க" என்றார். நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு வரவில்லை, நான் கேட்கவும் இல்லை. இதிலிருந்தே என் மனசு எவ்வளவு சுத்தம் என்று தெரிந்துகொள்ளலாம்.

சகலை வீட்டில் இருந்தார். போய்ப் பார்த்தேன். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், சொல்லிவிட்டு, "கேட்டுச்சா?" என்பார். "தண்ணி குடு. கேட்டுச்சா?" பள்ளிக்கூடத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்த அவர் மகள் தலையைத் தூக்காமலே "கேட்டுச்சுப்பா" என்பாள். பக்கத்து அறையில் இருக்கிற அண்ணியைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவதை அறவே விட்டுவிட்டார். எழுந்து போய், அவர் எதிரில் நின்று, தோளைத் தொட்டு, அப்புறம்தான் பேசுவார். என் தொழிலில் இதற்கு ஒப்புகை என்று பேர். அனுப்புகிறவன், வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்வது. நல்ல பழக்கம்தான். அண்ணியிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அவர் கம்ப்யூட்டரில் மாஸ்க் அகலமாகவே கிடந்தது. திருப்பி வைக்கத் தேவை இருக்கவில்லை.

இப்போது உங்களுக்குத் தெரிந்த பகுதி. அந்த மேசைக்குப் புதிதாக ஒரு அம்மையார் வந்தார். அன்று சகலையை மறு பரிசோதனைக்கு டாக்டரிடம் நான் கூட்டிப் போயிருந்தேன். அம்மையார் காலையில் டிஸ்பாட்ச்சுக்கு ஏதோ அனுப்பினார், போகவில்லை. இன்னொரு தடவை அனுப்பினார், போகவில்லை. தனக்கு மறதியோ என்று அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "உங்க மெஷின் சரியில்லை" என்று சொல்லிவிட்டு வெளியிலிருந்து ஆளை வரவழைத்துவிட்டார். சில பேருக்குத் தன்மேல் சந்தேகமே வருவதில்லை. என்ன செய்வது.

வந்தது ஒரு பெண். தோளில் பை, காலில் ரப்பர் செருப்பு. படித்து முடித்துச் சான்றிதழின் மை காய்ந்திருக்காது. நான் திரும்பி வந்தபோது சகலையின் மேசையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா பக்கத்தில் நின்றார்.

"மாஸ்க் தப்பு மேடம்" என்றாள். "அகலமா போட்டிருக்காங்க. அதான் வெளியில எல்லாம் போகுது, பக்கத்துல போகலை. இதுக்கு முன்னாடி இருந்தவருக்கும் இதேதான் நடந்திருக்கும்."

முதலாளியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ அவர் சொன்னதெல்லாம் நிஜமா?"

"நிஜமாத்தான் இருக்கும். பாவம்." இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள். "யாரும் வேணும்னு பண்ணியிருக்க மாட்டாங்க மேடம். புதுசாக் கத்துக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்புதான் இது. வேற வேற அளவுல வெட்டும்போது சிலருக்கு மாஸ்க் குழம்பிடும். நான் முதல் மாசத்துல பண்ணியிருக்கேன்."

முதல் மாதத்தில்.

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஊர் பேர் தெரியாமல் பேருந்து நிலையத்தில் நிற்கிறவனைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. "நம்ம ஆளுக்கு நீங்களே ஒரு அடிப்படை வகுப்பு எடுத்துடுங்களேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். "எடுத்துடலாம் மேடம். ரொம்ப ஈஸி சார், பயப்படாதீங்க" என்றாள் என்னிடம். ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, பெரிய கட்டத்தை முதலில் வெட்ட வேண்டும் என்று எனக்கே விளக்கிக் காட்டினாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மனச்சாட்சி என்று நினைக்கிறேன்.

சகலைக்கு முதலாளியம்மா நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். மாத்திரையைக் குறைக்கிறார்களாம், பழைய நாற்காலியைத் திரும்பக் கொடுப்பதாகவும் பேச்சு. இரண்டு நாள் கழித்துச் சகலை என் வீட்டுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்.

"நான் என்ன சொல்றேன்னா, மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. தெரியாமப் பண்ணிட்டீங்க. இதெல்லாம் பெரிய கணக்கு. வயர் மாட்டுறவங்களுக்கு எங்க இருந்து தெரியும்?" தோளில் கை வைத்தார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சகலை" என்றேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று என் மனைவியிடம், "அவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. படிச்சுக்குவார்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பரந்த மனசுக்காரர், ஒப்புக்கொள்கிறேன்.

இன்று காலை என் மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "வக்கீல் கேட்டா தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. நான் அக்கா முகத்துல முழிக்கணும்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "தெரியாமத்தானே பண்ணீங்க?"

பொத்தான் போடுவதில் கவனமாக இருந்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போவதற்கு எடுத்து வைத்திருந்த பையை மெதுவாக அலமாரிக்குள் திரும்ப வைத்தாள்.

அவள் கேட்டதற்கு நான் இப்போது 'இல்லை' என்று சொன்னால் என்னவெல்லாம் போகும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். வேலை போகும். போலீஸ் வரும். மாமனார் வீட்டு வாசல் மூடும். என் மனைவி அந்தப் பையை மறுபடி எடுப்பாள், இந்த முறை என் துணி அதில் இருக்காது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். உண்மைக்காக ஒரு மனிதன் இவ்வளவும் இழக்கத் தயாராக இருப்பது இந்தக் காலத்தில் அபூர்வம். நீங்கள் அதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்தால் நான் தடுக்கமாட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செய்தேன். ஒவ்வொரு தடவையும், என் கையாலேயே, அந்த எண்ணின் அர்த்தம் முழுவதும் தெரிந்து செய்தேன். அவர் என்ன ஆவார் என்பதும் தெரியும், மாத்திரை என்ன செய்யும் என்பதும் தெரியும், அந்தக் குழந்தை தலை தூக்காமல் பதில் சொல்வதை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகும் செய்திருப்பேன். அண்ணியிடமும் முதலாளியம்மாவிடமும் இதைப் படித்துக் காட்டலாம். ஆனால் முதல் பிரதியை அந்தப் பிஸ்கட் பெண்ணுக்கு அனுப்பிவிடுங்கள், வகுப்பு திங்கட்கிழமை ஆரம்பம்.

எனக்குச் சப்நெட் போடத் தெரியும்.